ஹய் ஏன் தன் தீவுக்குத் திரும்பினான்?

'படிச்சா மனிசன் திருந்துவான்' என்பது நம் சமூகத்தில் ஆழமாக வேர்விட்ட நம்பிக்கை. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய காலந்தொட்டு, நமது பின்னடைவுக்கெல்லாம் மருந்து கல்வி என்றே சொல்லி வருகிறோம். பரிசளிப்பு விழா மேடையிலும் சொல்கிறோம், மிம்பரிலும் சொல்கிறோம். வகுப்பறையில் நானும் தினமும் அதைத்தான் சொல்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. கல்வியும் விஞ்ஞானமும் வசதியும் சட்டமும் வளர வளர, மனிதனுக்குள் இருக்கும் குறையும் தேய்ந்துகொண்டே போய் ஒருநாள் இல்லாமல் ஆகிவிடுமா? பேராசை, பொறாமை, அவசரம், பயம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் அந்தப் பழைய சரக்கு முன்னேற்றத்தால் கரைகிற சரக்குத்தானா?

இந்தக் கேள்வியை இன்றைய நூல்களை விட நேராகக் கேட்ட ஒரு பழைய நூல் நம்மிடம் இருக்கிறது. இப்னு துபைல் எழுதிய 'ஹய் இப்னு யக்ளான்' தான் அது. அதைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பலர். அதன் கடைசிப் பகுதியில் நின்று நிதானிப்பவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

இப்னு துபைல் ஸ்பெயினின் கிரனாடாவுக்கு அண்மையிலுள்ள வாதி ஆஷில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். வைத்தியர், தத்துவஞானி. முவஹ்ஹிதீன் ஆட்சியாளர் அபூ யஃகூப் யூசுபின் அரண்மனை வைத்தியராக இருந்தவர். இப்னு றுஷ்தை அந்த அரசருக்கு அறிமுகம் செய்துவைத்தவரும் இவர்தான். 1185இல் மர்ராகுஷில் மரணமானார். 'ஹய் இப்னு யக்ளான்' என்ற பெயரை அவர் இப்னு ஸீனாவிடமிருந்து எடுத்துக்கொண்டார், கதை அவருடையது. 'விழித்திருப்பவனின் மகன் உயிருள்ளவன்' என்பது பெயரின் பொருள்.

கதை நடப்பது இந்திய சமுத்திரப் பக்கத்தில், பூமத்திய ரேகையை ஒட்டிய ஒரு தீவில். அது எங்கட இலங்கைதான் என்று பெருமைப்படச் சிலருக்கு ஆசை வரலாம். நூல் அப்படிச் சொல்லவில்லை, விட்டுவிடுவோம். மனித வாடையே இல்லாத அந்தத் தீவில் ஒரு குழந்தை. பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டு வந்தது என்று ஒரு கதை; களிமண் பக்குவப்பட்டு அதிலிருந்தே உருவானது என்று இன்னொரு கதை. இரண்டையும் நூலாசிரியர் சொல்கிறார். ஒரு பெண்மான் அந்தப் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்க்கிறது.

மான் மௌத்தாகும் இடம் நூலின் மிகச் சிறந்த பகுதி. பையன் கூப்பிடுகிறான், பதில் இல்லை. கண்ணைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான், வெளியே ஒரு பழுதும் தெரியவில்லை. உள்ளே எதுவோ தடைப்பட்டிருக்க வேண்டும், அதை நீக்கினால் எழும்பிவிடும் என்று நினைத்துக் கூரிய கல்லாலும் பிளந்த மூங்கிலாலும் அதன் நெஞ்சைத் திறக்கிறான். இதயத்தைக் காண்கிறான். அதன் ஓர் அறையில் உறைந்த இரத்தம், மற்ற அறை வெறுமை. அங்கே குடியிருந்த ஏதோ ஒன்று போய்விட்டது என்று முடிவுக்கு வருகிறான். இனி அந்த உடலை என்ன செய்வது? இரண்டு காகங்கள் சண்டையிட்டு ஒன்று மற்றதைக் கொன்று, பின் மண்ணைக் கிளறிப் புதைப்பதைப் பார்த்து, அவனும் மானைப் புதைக்கிறான். காபீலின் வரலாறு தெரிந்த வாசகனுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவையில்லை.

அதன்பிறகு ஏற்றம்தான். நெருப்பைக் கண்டறிகிறான், உடுப்பும் இருப்பிடமும் செய்துகொள்கிறான், விலங்குகளைப் பழக்குகிறான். ஏழேழு வருடங்களாக அடுக்கப்பட்ட வாழ்க்கை அது. 21 வயதில் கைத்தொழில், 28 வயதில் பொருள்களின் இயல்பு, அதன்பின் வானம், 35 வயதளவில் எல்லாவற்றையும் உண்டாக்கிய ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என்ற தெளிவு. ஐம்பதை எட்டும்போது, தன்னையே மறந்து அந்த ஒருவனில் லயிக்கும் ஸூபியின் நிலை. ஆசிரியர் இல்லை, கிதாபு இல்லை, மொழிகூட இல்லை. மனித குலம் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் ஏறிய படிகளை ஒரு தனிமனிதன் ஐம்பது வருடத்தில் ஏறிவிடுகிறான். முன்னேற்றம் என்ற கருத்துக்கு இதைவிடச் சுத்தமான கதை வடிவம் கிடைப்பது கஷ்டம்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு வெற்றிக் கதை. இப்னு துபைல் முடிக்கவில்லை. அயல் தீவிலிருந்து அப்ஸால் என்ற பக்திமான் தனிமை தேடி அங்கே வருகிறான். ஹய்யுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறான். தன் சமயம் சொல்வதும் ஹய் கண்டறிந்ததும் ஒன்றே என்று அப்ஸாலுக்குப் புரிகிறது. ஹய்யும் அந்த மார்க்கத்தை ஏற்கிறான். ஆனால் அவனுக்கு இரண்டு விஷயங்கள் விளங்கவில்லை. உண்மையை நேரே சொல்லாமல் ஏன் உவமைகளால் சொல்லப்பட்டது? பொருள் சேர்ப்பதற்கு ஏன் அனுமதி தந்து, பிறகு ஸகாத், வியாபாரம், வட்டி, தண்டனை என்று இத்தனை சட்டங்கள்? உண்மை தெரிந்தவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கிறான். மக்கள்மீது இரக்கம் வந்து, தானே போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அப்ஸாலோடு கப்பல் ஏறுகிறான்.

அந்தத் தீவின் தலைவன் ஸலாமான், அப்ஸாலின் கூட்டாளி. வந்தவனை எல்லாரும் மரியாதையாக வரவேற்கிறார்கள். ஆனால் மேலோட்டமான அர்த்தத்தைத் தாண்டி அவன் பேசத் தொடங்கியதும் முகம் மாறுகிறது, மனம் விலகுகிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர், நல்லதை விரும்புகிறவர்கள்தான். ஆயினும் ஆசையும் பழக்கமும் அவர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஹய் முயற்சியைக் கைவிடுகிறான். ஸலாமானிடம் மன்னிப்புக் கேட்டு, 'உங்கள் மார்க்கத்தின் எல்லைகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்' என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டு, அப்ஸாலோடு தன் தீவுக்குத் திரும்புகிறான். நூல் முடிகிறது.

இதற்கு வழக்கமான வாசிப்பு ஒன்று உண்டு. உயர்ந்த அறிவு சிலருக்கே. பெரும்பான்மைக்குச் சட்டமும் சடங்கும் போதும். மனிதர்களில் பெரும்பாலோரின் குறை தீராது. நூலாசிரியரும் இதையே சொல்ல வந்தார் என்று கொள்ளப் போதிய இடமிருக்கிறது. ஆனால் நூலை இன்னொரு பக்கமாகவும் வாசிக்கலாம்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "சேர், ஹய்யுக்கு யாரோடயாவது கோபம் வந்திருக்கா?" வகுப்பே சிரித்தது. கோபிக்க ஆள் வேணுமே! ஆனால் அந்தப் பிள்ளையின் கேள்வி நூலின் அடிமடியில் கைவைக்கிற கேள்வி. ஹய்யுக்குக் கோபம் வரவில்லை, அவன் பொய் சொல்லவில்லை, பொறாமைப்படவில்லை, யாருடைய காணியிலும் வேலியை அரையடி தள்ளிப் போடவில்லை. அவன் இவற்றையெல்லாம் வென்றான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவன் அவற்றைச் சந்திக்கவே இல்லை. ஐம்பது வருடத்தில் அவன் வென்றது அறியாமையை. குறை என்பது வேறு சாமான். அது மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையில் முளைப்பது. பக்கத்து வீடே இல்லாதவன் நல்ல அயலவனா என்று யார் சொல்ல முடியும்?

இதற்கு எதிர்வாதம் நூலிலேயே உண்டு. தீவின் செடி நிழலில் வாடினால் ஹய் தடையை அகற்றுகிறான். காய்ந்தால் தண்ணீர் ஊற்றுகிறான். பழத்தைத் தின்றால் விதையைப் பாழாக்காமல் மண்ணில் போடுகிறான். காயப்பட்ட விலங்குக்கு உதவுகிறான். அவனுக்கு இரக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செடி திருப்பிக் கதைக்காது. நாம் சொன்னதை இல்லை என்று மறுக்காது. நம்மை விட நல்லாப் பேசி ஊரில் பெயர் வாங்காது. மறுத்துப் பேசக்கூடிய ஒரு ஜீவன் முன்னால் நின்றபோது ஹய் எத்தனை காலம் தாக்குப்பிடித்தான்?

நூலில் இதற்கு ஒரு சின்ன இடம் சாட்சியாக நிற்கிறது. அப்ஸாலை முதன்முதலில் சந்தித்தபோது, அவன் தன்னிடமிருந்த உணவை ஹய்யுக்கு நீட்டுகிறான். உணவு விடயத்தில் ஹய் தனக்கென்று கடுமையான ஒழுங்கு வைத்திருந்தான். தயங்குகிறான். அப்ஸாலோ வற்புறுத்துகிறான். மறுத்தால் இந்த மனிசனின் மனம் நோகுமோ என்று பயந்து ஹய் சாப்பிடுகிறான். ருசியாக இருக்கிறது. உடனே, தன் உறுதியை முறித்துவிட்டேனே என்று வருந்துகிறான். இத்தனை வருடம் முறியாத ஒழுங்கு, முதல் மனிதனைக் கண்டதும் முறிகிறது. அதுவும் கெட்ட எண்ணத்தால் இல்லை, அன்பால். மனிதனின் சறுக்கலும் அவனது இரக்கமும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன என்பதை இப்னு துபைல் தெரிந்தே எழுதினாரோ, அவரை மீறி வந்ததோ, நூலில் அது இருக்கிறது.

'இன்ஸான்' என்ற சொல்லை 'நிஸ்யான்' என்பதோடு, அதாவது மறதியோடு, சேர்த்து விளக்குவோர் உண்டு. 'உன்ஸ்' என்பதோடு, அதாவது நெருக்கத்தோடு, சேர்த்து விளக்குவோரும் உண்டு. மொழியியல் தீர்ப்பு எதுவாகவும் இருக்கட்டும். ஹய் அந்த உணவைக் கையில் எடுத்த கணத்தில் இரண்டு விளக்கமும் சரியாகிவிடுகின்றன.

இந்த நோக்கில் பார்த்தால் கடைசிப் பகுதியின் நிறம் மாறுகிறது. ஸலாமானின் மக்கள் தோற்றது உண்மை. ஹய்யும் அங்கே தோற்றான். கேட்கத் தயாரில்லாத மனிதரோடு பொறுமையாக இருப்பது எப்படி என்பதை அவனுடைய ஐம்பது வருடக் கல்வி அவனுக்குக் கற்றுத் தரவில்லை. ஸகாத்தும் வியாபாரச் சட்டமும் எதற்கு என்று அவன் கேட்டதும் இதனால்தான். கொடுக்கல் வாங்கல் இல்லாத இடத்தில் வளர்ந்தவனுக்குத் தராசு ஒரு வீண் சாமானாகத்தான் தெரியும். மனிதன் சறுக்குவான் என்று தெரிந்தே ஷரீஅத் தராசைப் பற்றிப் பேசுகிறது.

ஹிறாக் குகையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்கு இறங்கி வந்தார்கள். மறுத்தவர்கள், கல்லெறிந்தவர்கள், ஊரை விட்டு விரட்டியவர்கள் நடுவே வாழ்ந்தார்கள். குகைக்குத் திரும்பிப் போய்க் குடியிருக்கவில்லை. அல்லாமா இக்பாலும் தம் விரிவுரைகளில், திரும்பி வருவதையே ஸூபியிலிருந்து நபியை வேறுபடுத்தும் அடையாளமாகக் காண்கிறார். இப்னு துபைலின் சொந்த வாழ்க்கையும் அவருடைய கதாநாயகனுக்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. அவர் எந்தத் தீவுக்கும் போகவில்லை. நோயாளிகளுக்கும் அரசருக்கும் நடுவே, ஸலாமானின் தீவிலேயே வாழ்ந்து முடித்தார்.

இந்த நூலுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து நம்மவர் ஒருவரே பதில் எழுதினார். டமஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் மரணமான வைத்தியர் இப்னுன் நபீஸ். இதயத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றி வருவதை விளக்கியவர் என்று வைத்திய வரலாறு அவரை அறியும். அவரது 'அர்ரிஸாலதுல் காமிலிய்யா'வின் நாயகன் பெயர் காமில், 'நிறைவானவன்'. அவனும் ஆளில்லாத தீவில் தனியே வளர்கிறான், தானாகவே படைத்தவனை அறிகிறான். பிறகு ஒரு கப்பல் வருகிறது. வந்தவர்கள் அவனுக்குச் சமைத்த உணவும் உடுப்பும் கொடுக்கிறார்கள். அப்போதுதான் காமிலுக்கு விளங்குகிறது: ஒருவன் பயிரிட, ஒருவன் ரொட்டி சுட, ஒருவன் துணி நெய்ய, இப்படிப் பலர் சேர்ந்தால்தான் மனித வாழ்வு. பலர் சேர்ந்தால் பிணக்கு வரும். பிணக்கைத் தீர்க்கச் சட்டம் வேண்டும். சட்டத்தை மக்கள் ஏற்க ஒரு நபி வேண்டும். நிறைவானவன் என்று பெயர் வைக்கப்பட்டவன் முதலில் கற்கும் மனிதப் பாடம், தான் தனியே நிறைவானவன் இல்லை என்பது.

கதை என்ற வகையில் ஹய்யின் கதைதான் உயர்ந்தது. இப்னுன் நபீஸிடம் அந்த மானின் மரணத்துக்கு ஈடான ஒரு பக்கம்கூட இல்லை. காமில் பேசுவது பெரும்பாலும் தர்க்கம். ஆனால் மனிதனைப் பற்றிய தெளிவு இவரிடம் கூடுதலாக இருக்கிறது. 1258இல் பக்தாத் மங்கோலியரிடம் வீழ்ந்ததைக் கண்ட தலைமுறை அவருடையது. மிகச் சிறந்த நபியின் உம்மத்தும் பாவத்தில் விழும், தண்டனையும் காணும் என்பதையும் காமில் தன் தர்க்கத்தால் முன்கூட்டியே அறிகிறான். மார்க்கம் வந்துவிட்டதால் குறை போய்விடும் என்று அவர் கணக்குப் போடவில்லை.

அந்தக் கணக்கை ஐரோப்பா போட்டது. ஹய்யின் கதை 1671இல் லத்தீனிலும், 1708இல் சைமன் ஒக்லியால் அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்திலும் வந்தது. மனித அறிவு தன் காலில் நிற்கும் என்ற எண்ணம் வலுத்துவந்த காலம் அது. அந்த நூற்றாண்டின் முடிவில் பிரான்சின் கொண்டோர்செ என்ற கணித அறிஞர் மனித மனத்தின் முன்னேற்றத்தைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து ஒரு நூல் எழுதினார். மனிதன் மேம்படுவதற்கு எல்லையே இல்லை என்பது அவர் கட்சி. அடிமைமுறை ஒழியும், பெண்கள் சம உரிமை பெறுவர், ஆயுள் நீளும் என்றார். பலதும் பெருமளவு நடந்தது; அவரைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நூலை எங்கிருந்து எழுதினார்? அவர் ஆதரித்த அதே புரட்சியின் அரசு 1793இல் அவரைக் கைதுசெய்ய உத்தரவிட்டிருந்தது. பாரிஸில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்து எழுதினார். 1794இல் பிடிபட்டுச் சிறையில் இறந்தார். நூல் 1795இல் வெளிவந்தது. அறிவு முன்னேறியதற்கு அந்த நூல் அத்தாட்சி. மனிதன் இருந்த இடத்திலேயே நிற்பதற்கு அந்த ஒளிவிடம் அத்தாட்சி.

நம்மட நாட்டுக்கு வருவோம். 1934–35இல் மலேரியா இங்கே பல்லாயிரம் உயிர்களை வாரிச் சென்றது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றளித்தது. இது முன்னேற்றம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. இதற்கு நடுவே ஒரு கதை இருக்கிறது. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வெற்றி கண்ட மனதில் கவனம் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் ஏறியது. மருந்தும் அறிவும் கையில் இருந்தும் மறதி வென்ற கதை அது.

இன்னொன்றும் இதே நாட்டில் நடந்தது. 2020 ஏப்ரலில், கொவிட்-19 தொற்றால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பது வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் என்று காரணம் காட்டப்பட்டது. பிறந்து 20 நாளேயான ஒரு சிசுவின் ஜனாஸாவும் எரிந்தது. எழுத்தறியாத ஹய் ஒரு காகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை, பட்டங்கள் பெற்ற நிபுணர் குழு நமக்கு மறுத்தது. அங்கே இல்லாதிருந்தது அறிவு இல்லை. பயத்துக்கும் வெறுப்புக்கும் விஞ்ஞானம் தன் வெள்ளை உடுப்பை இரவல் கொடுத்திருந்தது.

அடுத்தவனைச் சொல்லிவிட்டு நம்மை விடலாமா? நமது சமூகத்தில் படிப்பு ஏறியிருக்கிறது. கூடவே கைக்கூலியும் ஏறியிருக்கிறது. மாப்பிள்ளை டொக்டர் என்றால் ஒரு விலை, இஞ்சினியர் என்றால் ஒரு விலை. மஹர் கொடுக்க வேண்டியவன் வீடும் காணியும் கேட்கிறான். அவன் கையில் பட்டச் சான்றிதழ் இருக்கிறது. பேராசையைக் கல்வி குறைக்குமென்று காத்திருந்தோம். கல்வி அதற்கு விலைப்பட்டியல் எழுதிக் கொடுத்தது.

அப்படியானால் முன்னேற்றம் வீணா? என் வாசிப்பில் இல்லை. எரியூட்டும் உத்தரவு எப்படி நீங்கியது என்று பார்த்தால் விடை கிடைக்கும். பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கட்டியவர்களில் பிற சமயத்தவரும் இருந்தார்கள். 2021 ஜனவரி அளவில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று சொன்னது. வெளியுலக அழுத்தமும் சேர்ந்தது. பெப்ரவரி இறுதியில் அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகர் மண்ணில் ஜனாஸாக்கள் அடங்கின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிந்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும் அறிவு இங்கே தன் வேலையைச் செய்தது. யாரோ எழும்பி நின்று, அதை உரிய இடத்தில் உரத்துச் சொன்னதால் செய்தது.

மனிதனின் குறை ஒரு நோயல்ல, ஒருநாள் மருந்து கண்டு ஒழிப்பதற்கு. அவன் தவறுவான் என்பதை நம் மார்க்கம் முதலிலேயே ஏற்றுக்கொண்டுதான் தௌபாவை வைத்தது, சாட்சியை வைத்தது, ஷூறாவை வைத்தது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதைக் கடமையாக்கியது. தவறாத மனிதனைச் செய்கிற திட்டம் எதுவும் அதில் இல்லை; தவறியவன் திரும்பி வருகிற வழிகள் இருக்கின்றன. முன்னேற்றம் என்று நாம் பெருமைப்படக்கூடியது அந்த வழிகள் திறந்திருப்பதைத்தான். அவற்றை அடைக்கிற எந்த முன்னேற்றமும், எத்தனை மாடி உயர்ந்தாலும், பின்னேற்றமே.

யக்ளான் என்றால் விழித்திருப்பவன். அந்தப் பெயர் ஹய்யின் தந்தைக்குத்தான் இருக்கிறது, ஹய்யுக்கு அது பரம்பரையாக வந்தது. விழிப்பு அப்படிப் பரம்பரையாக வராது என்பதை மலேரியாவும் சொல்கிறது, கனத்தையும் சொல்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தானே எழும்ப வேண்டும், ஒருவர் தூங்கினால் மற்றவர் தட்டி எழுப்ப வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். ஹய் தன் தீவுக்குத் திரும்பியபோது அவன் விட்டுப் போனது அறிவிலிகளின் ஊரை அல்ல. தன்னைத் தட்டி எழுப்பக்கூடியவர்களின் ஊரை. இப்னு துபைலின் மகத்தான நூலை நாம் படிக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் படிப்பிக்க வேண்டும். படித்து முடித்ததும், ஹய் ஏறிய கப்பலில் ஏறாமல், ஸலாமானின் கரையிலேயே நிற்க வேண்டும்.